1900-இல் புறப்பட்ட வெளிச்சம்

அந்த வெளிச்சம் புறப்பட்ட காலத்தில் தெம்பனிஸ் என்பது ஓர் ஆற்றுக்கும் ஒரு மரத்துக்கும் உரிய பெயர். ஃபிராங்ளினும் ஜாக்சனும் 1828-இல் வெளியிட்ட சிங்கப்பூர் வரைபடத்திலேயே அந்த ஆறு இருக்கிறது. ஆற்றுக்குப் பெயர் கொடுத்தது அங்கே வளர்ந்த தெம்பினிஸ் மரம். அதன் உறுதியைப் பார்த்து இரும்பு மரம் என்றே சொல்வார்கள். 1900-ஆம் ஆண்டு வாக்கில் அங்கே காடும் சதுப்பும்தான். தாவரவியல் தோட்டத்து ரிட்லி, ரப்பர் நடுங்கள் என்று தோட்டக்காரர்களை வற்புறுத்திக்கொண்டிருந்தார். அந்த ரப்பருக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் மலாயாவுக்கு வரப்போகும் காலம் அப்போதுதான் திறந்தது. சிங்கப்பூரில் முதல் மின்சாரத் தெருவிளக்கு எரிய ஆறு ஆண்டுகள் இருந்தன.

வெளிச்சம் புறப்பட்ட இடம் சிம்ம விண்மீன் கூட்டத்தின் பின்னங்கால் பக்கம். நம் பஞ்சாங்கத்துப் பூரமும் உத்திரமும் இருக்கும் பகுதி அது. அந்த இரண்டுக்கும் சற்றுத் தெற்கே கே2-18 என்ற விண்மீன் இருக்கிறது. தொலைவு 124 ஒளியாண்டு. ஓர் ஒளியாண்டு ஏறக்குறைய 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். சூரியனைவிடச் சிறியது, சிவந்தது. சூரியன் தரும் வெளிச்சத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் தரும். வெறுங்கண்ணுக்கு எட்டாது. ஆனால் நம் உச்சந்தலைக்கு மேலாகப் போகிற விண்மீன் அது. தெம்பனிஸ் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் பாகைக்குச் சற்று மேல் வடக்கே இருக்கிறது. கே2-18 வான நடுக்கோட்டுக்கு ஏழரைப் பாகை வடக்கே. ஏப்ரல் நடுவில் இரவு பதினொரு மணி வாக்கில் ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் (வீவக) புளோக்கின் வாசலில் நின்று அண்ணாந்தால் பார்வை போகும் திசையில்தான் இருக்கும். பங்குனி உத்திரத்தன்று ஈசூன் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் காவடி எடுத்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள் மாலையில் பார்க்கும் நிலா, இந்த விண்மீனின் அண்டையில் நிற்கும் நிலா.

சிங்கப்பூரின் இரவு வானம் உலகிலேயே அதிக ஒளிமாசு கொண்டது என்று 2016-இல் வெளிவந்த உலக ஒளிமாசு வரைபடம் காட்டியது. நாட்டின் எல்லாரும், ஒருவர் விடாமல், கண் இருளுக்கு முழுதாகப் பழக முடியாத வானத்தின் கீழ் வாழ்கிறோம். சிம்மத்தின் சில பெரிய விண்மீன்களைத் தவிர அங்கே நமக்கு எதுவும் தெரிவதில்லை. அதனாலேயே இந்த வெளிச்சத்தின் கதையைத் தெம்பனிஸில் இருந்துகொண்டு சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

அந்த விண்மீனைச் சுற்றி ஒரு கோள் இருக்கிறது: கே2-18பி. 33 நாளுக்கு ஒருமுறை சுற்றி முடிக்கிறது. பூமியைப்போல 2.6 மடங்கு அகலம், எட்டரை மடங்குக்குச் சற்று மேல் நிறை. விண்மீனுக்கு மிக அருகில் இருந்தாலும் அது மங்கலானது என்பதால், பூமிக்குச் சூரியனிடமிருந்து கிடைக்கும் அளவுக்கே கோளுக்கும் வெப்பம் கிடைக்கிறது. நாம் பின்தொடரும் வெளிச்சம் விண்மீனின் மேற்பரப்பை விட்டு ஒன்றேகால் நிமிடம் போல ஓடியதும் இந்தக் கோளின் விளிம்பை உரசியது. சரியாக அந்த நேரத்தில் கோள், விண்மீனுக்கும் நமக்கும் நடுவே கடந்துகொண்டிருந்தது. பெரும்பகுதி வெளிச்சம் கோளைத் தொடவே இல்லை. கோளின் உடலில் மோதிய பகுதி அங்கேயே முடிந்தது. ஒரு சிறு பகுதி மட்டும் ஹைட்ரஜன் நிறைந்த அந்தக் காற்றுப் போர்வையின் ஊடே நுழைந்து மறுபுறம் வெளியேறியது.

அந்தக் கணத்தில்தான் செய்தி எழுதப்பட்டது. எழுதப்பட்டது என்பதைவிட அழிக்கப்பட்டது என்பதே சரி. காற்றில் மிதக்கும் ஒவ்வொரு மூலக்கூறும் தன் அணுப் பிணைப்புகள் நீளவும் வளையவும் அதிரவும் தேவையான அலைநீளத்தை மட்டும் வெளிச்சத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. மீத்தேன் 3.3 மைக்ரான் பக்கத்தில் எடுக்கும். கரியமில வாயு 4.3 மைக்ரானில். மிச்சம் போகும் வெளிச்சத்தில் அந்த இடங்கள் குறைந்திருக்கும். செல்லரித்த ஏட்டுச்சுவடியை வைத்துக்கொண்டு உ.வே. சாமிநாதையர் போன்றவர்கள் இரவு பகலாக உட்கார்ந்தார்களே, அந்த வேலைதான் இது. அரித்துப்போன இடத்தின் அகலத்தையும் முன்பின் எழுத்துகளையும் யாப்பையும் பார்த்து அங்கே என்ன சொல் இருந்திருக்கும் என்று தேட வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட சொல் பொருந்தும்போது பாடபேதம் பிறக்கும். பின்னால் வரப்போகும் சண்டை முழுவதும் இந்தப் பாடபேதத்தைப் பற்றியதுதான்.

புறப்பட்ட வெளிச்சத்தை வழியில் விட்டுவிட்டு நுங்கம்பாக்கத்துக்குப் போய்வர வேண்டும். சூரியனல்லாத வேறொரு விண்மீனுக்கு ஒரு கோள் உண்டு என்று, கணக்குப் போட்டு, அறிவியல் இதழில் முதன்முதலாக எழுதப்பட்டது சென்னையிலிருந்து. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டிய மதராஸ் வானாய்வகத்தின் தலைவர் கேப்டன் டபிள்யூ. எஸ். ஜேக்கப், 70 ஒஃபியூக்கி என்ற இரட்டை விண்மீனைத் தொடர்ந்து அளந்தார். இரண்டும் ஒன்றையொன்று சுற்றும் பாதை கணக்குக்கு ஒத்துவரவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அங்கே இழுக்கிறது என்பதற்கு வாய்ப்பு மிக அதிகம் என்று 1855-இல் எழுதினார். நாற்பது ஆண்டு கழித்து அமெரிக்காவின் டி. ஜே. ஜே. ஸீ அதையே இன்னும் உரத்துச் சொன்னார். 1899-இல் ஃபாரஸ்ட் ரே மௌல்டன், ஸீ சொன்ன பாதையில் அப்படியொரு துணை நிலைத்திருக்கவே முடியாது என்று கணக்காலேயே காட்டினார். மௌல்டன் சிகாகோ பல்கலைக்கழகத்தவர். நம் வெளிச்சம் புறப்படுவதற்கு ஓராண்டு முன்னால், இந்தத் துறையின் முதல் அறிவிப்பு இப்படி முடிவுக்கு வந்தது.

ஜேக்கப்பை நான் தோற்றவராக நினைப்பதில்லை. வெயிலும் புழுக்கமும் நிறைந்த ஊரில், அக்காலத்துக் கருவியால், ஒரு வில்விநாடியின் பின்னங்களை அளக்க முயன்றவர் அவர். கண்டதைக் கண்டபடி எழுதினார், "வாய்ப்பு மிக அதிகம்" என்ற அளவோடு நின்றார். நுங்கம்பாக்கத்தில் இன்று வானிலை மையம் இருக்கும் வளாகத்தில் பழைய வானாய்வகத்தின் கருங்கல் தூண் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். பிற விண்மீன்களைச் சுற்றும் புறக்கோள்களைப் பற்றி எழுதும் தமிழர்கள் அதை ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.

இதற்கிடையில் வெளிச்சம் நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருந்தது. வழியில் அதைத் தடுக்க ஏறக்குறைய எதுவுமில்லை. அதன் பயணத்தில் சொல்வதற்கு எதுவும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் அது வந்துசேரவேண்டிய உலகத்தில். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இங்கே ஒவ்வொருவராகப் பிறந்துகொண்டிருந்தார்கள்.

1901-இல் கொடைக்கானல் வானாய்வகம் சூரிய வெளிச்சத்தைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கியது. 1909-இல் அங்கே எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை நிறமாலைக் கோடுகளின் நகர்விலிருந்து படித்தார். 1910-இல் லாகூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் சுப்பிரமணியன் சந்திரசேகர் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜ் போய், பிறகு வாழ்நாளெல்லாம் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தவர். 1950-இல் அவர் வெளியிட்ட 'ரேடியேட்டிவ் டிரான்ஸ்ஃபர்' என்ற நூல், வெளிச்சம் ஒரு வளிமண்டலத்தின் ஊடே போகும்போது எவ்வளவு உறிஞ்சப்படும், எவ்வளவு சிதறும் என்பதற்கான கணக்கை நிலைநிறுத்தியது. இன்று தொலைதூரக் கோளின் காற்றைப் பற்றிக் கணினியில் மாதிரி செய்கிறவர்கள் எல்லாரும் அந்தக் கணக்கின் வழியே நடக்கிறார்கள். இங்கே சிங்கப்பூரில் 1935-இல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' தொடங்கியபோது வெளிச்சத்துக்கு வயது முப்பத்தைந்து.

1965 ஆகஸ்ட். சிங்கப்பூர் தனிநாடானது. அதே ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் ஜேம்ஸ் லவ்லாக் என்ற ஆங்கிலேயரின் கட்டுரை வந்தது: வேறொரு கோளில் உயிர் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? செவ்வாயில் இறங்கி மண்ணைத் தோண்ட வேண்டும் என்று எல்லாரும் எண்ணிக்கொண்டிருந்த காலம். லவ்லாக் காற்றைப் பார்க்கச் சொன்னார். உயிர் தன்னைச் சுற்றியுள்ள காற்றை வேதியியல் சமநிலைக்குப் போகவிடாது. ஒன்றையொன்று அழிக்கவேண்டிய வாயுக்கள் இரண்டும் ஒரே காற்றில் நீடித்தால், அவற்றை யாரோ இடைவிடாமல் ஊட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். பூமியில் ஆக்சிஜனும் மீத்தேனும் அப்படித்தான் சேர்ந்து இருக்கின்றன. 1990-இல் கலிலியோ விண்கலம் பூமியைக் கடந்து போனபோது கார்ல் சேகனும் தோழர்களும் அதன் கருவிகளால் பூமியையே ஓர் அந்நியக் கோளாகப் பாவித்துச் சோதித்து, அந்த இரண்டு வாயுக்களையும் கண்டார்கள்.

லவ்லாக்கை நான் இங்கே நிறுத்திப் பார்ப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. 1971-இல் அவர் ஷேக்கிள்டன் என்ற ஆய்வுக் கப்பலில் தென்துருவப் பக்கம் போனார். கடலிலிருந்து நிலத்துக்குக் கந்தகத்தைச் சுமந்து வருவது எது என்பது அவருடைய கேள்விகளில் ஒன்று. கடல்நீரில் டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயு எங்கும் கரைந்திருப்பதைக் கண்டார். 1972-இல் அதை வெளியிட்டார். நுண்ணிய கடற்பாசிகள் தங்கள் உடலில் செய்துவைக்கும் ஒரு பொருள் சிதைந்து அந்த வாயு பிறக்கிறது. பாசிர் ரிஸ் கரையில், நீர் வடிந்த நேரத்தில் நின்று மூச்சை இழுத்தால் மூக்கில் ஏறும் கடல்வாடையில் அதற்குப் பங்கு உண்டு. வேகவைத்த மக்காச்சோளத்தின் மணத்திலும் உண்டு. பூமியின் காற்றில் அது மிகக் குறைவு, நூறு கோடியில் ஒரு பங்குக்கும் கீழே. இங்கே அதைச் செய்வது ஏறக்குறைய முழுக்க உயிர்கள்தான். உயிரைக் காற்றில் தேடச் சொன்ன மனிதரே பிற்பாடு கடலில் அளந்த வாயு, அரை நூற்றாண்டு கழித்து வேறொரு கோளின் பெயரோடு சேர்ந்து செய்தியாகும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க முடியாது.

தெம்பனிஸ் மாறியது. மணல் அள்ளிய குழிகளும் காடும் இருந்த இடத்தில் 1978-இல் வீவக புதுநகர் எழுப்பத் தொடங்கியது. 1989-இல் எம்ஆர்டி வந்தது. 1992-இல் நகருக்கு உலகக் குடியிருப்பு விருது கிடைத்தது. 1994-இல் நாட்டின் முதல் வட்டார நூலகம் இங்கே திறந்தது. மரத்தின் பெயரில் ஒரு நகரம். அதற்கு அடுத்த ஆண்டு ஜெனிவாவின் மேயரும் கெலோவும், சூரியனைப் போன்ற வேறொரு விண்மீனைச் சுற்றும் முதல் கோளை அறிவித்தார்கள். இந்தமுறை அது உண்மை; ஜேக்கப்புக்குப் பிறகு 140 ஆண்டு ஆகியிருந்தது. 2002-இல் ஹபிள் தொலைநோக்கி வழியே ஒரு புறக்கோளின் காற்றில் சோடியம் தெரிந்தது. 2015-இல் கெப்ளர் விண்கலத்தின் இரண்டாம் பணியில் கே2-18பி அகப்பட்டது. நம் வெளிச்சம் அப்போது ஒன்பது ஒளியாண்டுத் தொலைவில் இருந்தது.

அதற்கு முன்னால் புறப்பட்ட வெளிச்சத்தை ஹபிள் பிடித்திருந்தது. 2019-இல் லண்டனிலும் மொண்ட்ரியாலிலும் இரண்டு குழுக்கள் அந்தக் கோளில் நீராவி என்று அறிவித்தன. உலகம் கொண்டாடியது. 2023-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பல மடங்கு கூர்மையாகப் பார்த்தபோது ஹபிள் கண்ட பள்ளம், அதாவது வெளிச்சம் குறைந்த இடம், பெரும்பாலும் மீத்தேனுடையது என்று தெரிந்தது. அந்த வெப் முடிவை வெளியிட்டது கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் தலைமையிலான குழு. இந்தியாவில் பிறந்து, வாரணாசியில் பி.டெக். முடித்து, எம்ஐடியில் சாரா சீகரிடம் முனைவர் பட்டம் செய்தவர் அவர். மீத்தேனும் கரியமில வாயுவும் தெளிவாகவே இருந்தன, ஒவ்வொன்றும் நூற்றில் ஒரு பங்கு போல. அம்மோனியா காணவில்லை. ஹைட்ரஜன் காற்றின் அடியில் உலகளாவிய கடல் இருக்கும் கோள்கள் உண்டு என்றும், அவற்றை 'ஹைசியன்' கோள்கள் என்று அழைக்கலாம் என்றும் 2021-லேயே அவர் முன்வைத்திருந்தார். இந்த வாயுக் கலவை அதற்குப் பொருந்துகிறது என்றார். கூடவே ஓரமாக ஒரு வரி: டைமெத்தில் சல்ஃபைடுக்கும் ஒரு மங்கலான சாயல். ஆனால் அந்த அலைநீளத்தில் மீத்தேனும் அதுவும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடக்கின்றன. பிரித்துச் சொல்ல வேறு அலைநீளம் வேண்டும்.

வேறு அலைநீளத்தில் வந்த வெளிச்சம்தான் இந்தக் கட்டுரையின் நாயகன். 2024 ஏப்ரலில், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் வெப்பின் ஆறரை மீட்டர் ஆடியில், தங்கம் பூசிய பதினெட்டுத் துண்டுகளில், அது விழுந்தது. 6 முதல் 12 மைக்ரான் வரையிலான நடு அகச்சிவப்பு. அதைப் பிடிக்கும் மிரி என்ற கருவி தன் சொந்தச் சூட்டாலேயே குருடாகிவிடும் என்பதால், உணரிகளை மைனஸ் 266 டிகிரிக்குக் குளிர்விக்கிறார்கள். குளிர்விக்கும் வாயு ஹீலியம். 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தில் குண்டூரில் ஜான்ஸெனும், மசூலிப்பட்டினத்தில் மதராஸ் வானாய்வகத்தின் போக்சனும், இன்னும் சிலரும் சூரிய விளிம்பில் மஞ்சள் கோடொன்றைக் கண்டார்கள். சோடியத்தின் கோடு இருக்கவேண்டிய இடத்திலிருந்து அது சற்றே தள்ளி நின்றது. பூமியில் யாரும் பார்த்திராத அந்தத் தனிமத்துக்குச் சூரியனின் பெயரையே வைத்தார்கள். நிறமாலையைப் படித்துக் கண்டெடுத்த முதல் தனிமங்களில் ஒன்று, இன்று நிறமாலையைப் படிக்கும் கருவியைக் குளிர்விக்கிறது. இதைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை.

கோள் கடந்துபோக இரண்டே முக்கால் மணி நேரம் போல எடுத்தது. முன்னும் பின்னும் சேர்த்து ஆறு மணி நேரம் பார்த்தார்கள். கோள் குறுக்கே வந்தபோது விண்மீனின் வெளிச்சம் ஆயிரத்தில் மூன்று பங்கு குறைந்தது. அதில் கோளின் காற்றால் வரும் மாற்றம் பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவு. 124 ஆண்டு ஓடிவந்த வெளிச்சம் உணரியில் பட்டு மின்னூட்டமானது, எண்ணானது, கலிபோர்னியா, ஸ்பெயின், ஆஸ்திரேலியா ஆகிய மூன்று இடங்களில் உள்ள பெரும் அலைவாங்கிகளின் வழியே பூமிக்கு இறங்கி பால்டிமோர் ஆய்வகத்துக்கும், அங்கிருந்து கேம்பிரிட்ஜுக்கும் போனது.

அடுத்த ஒரு வருடம் அது கணினிகளுக்குள் இருந்தது. பயணத்தின் மிகக் கடினமான பகுதி இதுதான் என்று நான் நினைக்கிறேன். விண்வெளியில் வெளிச்சத்தை யாரும் தொடவில்லை. இங்கே கருவியின் நடுக்கத்தைக் கழிக்க வேண்டும், விண்மீனின் சொந்த மாறுபாட்டைக் கழிக்க வேண்டும், எங்கே ஒரு புள்ளியை வெட்டி எங்கே சேர்ப்பது என்று முடிவெடுக்க வேண்டும். கேம்பிரிட்ஜ் குழு இரண்டு தனித்தனி வழிகளில் தரவைச் சுத்தம் செய்து ஒப்பிட்டது. 2025 ஏப்ரல் 17-இல் முடிவு வெளியானது: டைமெத்தில் சல்ஃபைடு, அல்லது அதன் உறவான டைமெத்தில் டைசல்ஃபைடு, அல்லது இரண்டும். நம்பகத்தன்மை மூன்று சிக்மா. வெறும் இரைச்சல் இப்படியொரு வடிவத்தை எடுத்துக் காட்டுவதற்கு ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு. அறிவியலில் கண்டுபிடிப்பு என்று சொல்ல ஐந்து சிக்மா வேண்டும். குழுவும் அதை மறைக்கவில்லை. இன்னும் 16 முதல் 24 மணி நேரம் வெப்பால் பார்த்தால் அந்த அளவை எட்டக்கூடும் என்றார்கள்.

அந்த வாரம் தெம்பனிஸில் பேச்செல்லாம் வேறு. நாடாளுமன்றம் ஏப்ரல் 15-இல் கலைக்கப்பட்டிருந்தது. தெம்பனிஸ் குழுத்தொகுதியில் நான்குமுனைப் போட்டி வரவிருந்தது. அதற்கு நடுவே கைப்பேசிகளில் அந்தத் தலைப்பும் வந்து விழுந்தது: தொலைதூரக் கோளில் உயிர். கட்டுரையில் இருந்த 'அல்லது'களும் 'மூன்று சிக்மா'வும் வரும் வழியில் உதிர்ந்துவிட்டன. எனக்கு அது வருத்தம்தான். நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் நூற்றாண்டுக்கும் மேல் வந்தும் சிதையாத செய்தி, கடைசி ஒரு நாளில் இப்படிச் சிதைந்திருக்க வேண்டாம்.

மறுப்புகள் சில நாளிலேயே தொடங்கின. ஆக்ஸ்ஃபோர்டின் ஜேக் டெய்லர், அந்தப் புள்ளிகளின் ஊடே ஒரு நேர்க்கோட்டை இழுத்தாலே போதும், பள்ளமே இல்லை என்றார். அதாவது, ஏடு அரிக்கவே இல்லை என்கிறார். லூயிஸ் வெல்பாங்க்ஸும் மேத்யூ நிக்ஸனும் மற்றவர்களும் வேறு பக்கமாக வந்தார்கள்: பள்ளம் இருக்கட்டும், அதற்கு வேறு எத்தனையோ மூலக்கூறுகள் பொருந்துகின்றன, புரோபைன் என்ற சாதாரண ஹைட்ரோகார்பன் இன்னும் நன்றாகவே பொருந்துகிறது. குழு சோதித்த பட்டியல் சிறியது என்பதால் அந்தப் பட்டியலுக்குள் டைமெத்தில் சல்ஃபைடு ஜெயித்தது. வெல்பாங்க்ஸும் நிக்ஸனும் கேம்பிரிட்ஜில் மதுசூதனிடமே முனைவர் பட்டம் செய்தவர்கள். ஆசிரியரின் பாடத்தை மாணவர் மறுத்து எழுதுவது நம் உரையாசிரியர் மரபுக்கும் புதிதில்லை. அதில் பகை தேட வேண்டியதில்லை. மூன்றாவது மறுப்பு சிகாகோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ரஃபேல் லூக்கேயும் குழுவினரும் 2023, 2024 தரவுகள் அனைத்தையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டால் அந்த வாயுவுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று காட்டினார்கள். 1899-இல் மௌல்டன் இருந்த பல்கலைக்கழகம், சந்திரசேகர் வாழ்நாளைக் கழித்த பல்கலைக்கழகம்.

மதுசூதனின் குழு வாயடைத்துப்போகவில்லை. பட்டியல் சிறியது என்றீர்கள், சரி என்று 650 மூலக்கூறுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தது. டைமெத்தில் சல்ஃபைடு இன்னும் முன்வரிசையில் இருக்கிறது, ஆனால் தனியாக இல்லை என்பது விடை. 2025 ஜூலையில் ரென்யூ ஹூ தலைமையில், மதுசூதனும் உடனிருந்து, நான்கு புதிய கடப்புகளின் தரவோடு மற்றொரு ஆய்வு வந்தது. மீத்தேனும் கரியமில வாயுவும் உறுதி. கோளின் உட்புறம் நீர் வளமுடையது. டைமெத்தில் சல்ஃபைடு பற்றி முடிவாக எதுவும் சொல்வதற்கில்லை.

அந்த வாயு இருந்தே தீர்ந்தாலும் உயிர் என்று ஆகிவிடாது. ரோசெட்டா விண்கலம் தொடர்ந்து சென்ற 67பி வால்மீனில், பாசியும் கடலும் இல்லாத பனிக்கட்டியில், டைமெத்தில் சல்ஃபைடு இருந்ததை 2024-இல் கண்டார்கள். ஆய்வுக்கூடத்தில் எளிய வாயுக்களின்மேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சியும் அதை உண்டாக்கியிருக்கிறார்கள். கோளில் கடலே இல்லை, உருகிய பாறையின்மேல் கனத்த காற்றுதான் என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. கேம்பிரிட்ஜ் கணக்குப்படி அங்கே அந்த வாயு பூமியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகமாக இருக்க வேண்டும். அது செழிப்பான கடலைக் காட்டுகிறதா, நமக்குத் தெரியாத வேதியியலைக் காட்டுகிறதா என்பதற்கு இந்த ஒரு வெளிச்சத்தில் விடையில்லை.

என் கருத்தைக் கேட்டால், இன்றைய நிலையில் மறுப்பவர்கள் பக்கமே கனம் அதிகம். ஆனால் மதுசூதன் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அவர் அந்த ஆறு மணி நேரத்தைக் கேட்டு வாங்காமலிருந்தால் அந்த வெளிச்சம் வெப்பின் அருகிலேயே கடந்து போயிருக்கும். 650 மூலக்கூறுகளையும் வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டிய தேவையும் யாருக்கும் வந்திருக்காது. ஜேக்கப் கேட்டதால்தான் மௌல்டன் கணக்குப் போட்டார்.

கோள் 33 நாளுக்கு ஒருமுறை கடக்கிறது. ஒவ்வொரு முறையும் புதிய வெளிச்சம் அதன் காற்றை உரசிக்கொண்டு நம் பக்கம் வருகிறது. 1901-இல் புறப்பட்டதும் 1902-இல் புறப்பட்டதும் வரிசையாக வந்துசேர்கின்றன. வெப்பிடம் இருபது ஆண்டுக்கும் மேல் ஓட எரிபொருள் இருக்கிறது. 2024 ஏப்ரலில் வந்த வெளிச்சமோ இப்போது எண்களாக பால்டிமோர் ஆவணக் காப்பகத்தில், எல்லாருக்கும் பொதுவாகத் திறந்து கிடக்கிறது. கட்டணம் இல்லை, பட்டம் கேட்பதில்லை. மறுப்பு எழுதியவர்கள் எடுத்ததும் அங்கிருந்துதான். நமது தெம்பனிஸ் நடுவத்து நூலகத்தில் மடிக்கணினியோடு உட்காரும் ஒரு தொடக்கக் கல்லூரி மாணவர் இன்று பிற்பகலே அந்தக் கோப்பை இறக்கிக்கொள்ளலாம்.